காயம்பட்டவனின் புலம்பல்

பிப்ரவரி 2, 1665. மொராவியா

பிரபு கூப்பிட்டனுப்பினார். “நாம துருக்கிக்காரனோட சண்டை போட்டத அப்படியே வயலின்ல கொண்டு வாய்யா. திருவிழா விருந்துக்கு வேணும்.” நாமாம்! போர் முழுக்கக் கோச்சு வண்டியில் உட்கார்ந்து வாத்து தின்றார். சாப்பிடும்போது வாசிப்பு கேட்க எங்கள் வாத்தியக் குழுவையும் இழுத்துப் போனார்.

பிப்ரவரி 6

பாஸ் என்கிற பெரிய வயலினின் தந்திக்கு அடியில் காகிதம் செருகி வாசித்தால் முரசு. தந்தியைச் சுண்டினால் பீரங்கி. பொம்மை விளையாட்டு.

முடிவில் காயம்பட்டவன் புலம்ப வேண்டுமாம். நான் கேட்டது ஒரே புலம்பல்தான் — எங்கள் குழுவில் வியோலா வாசித்த மட்டெயுடையது. போரிலிருந்து திரும்பும் வழியில் மூட்டை வண்டி காலில் ஏறி, கால் அழுகிச் செத்தான். அவன் மனைவி ரோஸினா இங்கே சமையற்கட்டில் வேலை. தூக்கத்திலேயே போய்விட்டான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

மட்டெயின் புலம்பலையே எழுதிவிட்டேன். பல்வலிக்குக்கூட அவன் அப்படித்தான் முனகுவான்: இழுத்து இழுத்து இறங்கி, நடுவில் ஒரு விக்கல். விக்கலையும் விடவில்லை. எழுதி முடித்ததும் சந்தோஷமாக வேறு இருந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

பிப்ரவரி 17

விருந்து. பீரங்கிக்குச் சிரித்தார்கள். புலம்பலுக்குச் சீமாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பணியாரம் தின்றார்கள். கெண்டை மீன் தட்டோடு ரோஸினா வந்தாள். ஏன் இவளை அனுப்பினார்கள்? விக்கல் வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்தாள்.

“அது அவருதானே, அண்ணே?”

தலையாட்டினேன்.

“எத்தன நாளு அப்படி அழுதாரு?”

“நாலு.”

“நாலு நாளும் நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

ரெண்டு நாள்தான் இருந்தேன். நாத்தம் தாங்கல. அவன வண்டியில விட்டுட்டு முன்னால போயிட்டேன். சொல்லிட்டேன் அவகிட்ட. திட்டியிருக்கலாம், திரும்பிச் சமையக்கட்டுக்குப் போயிட்டா.

மார்ச் 3

ரோஸினா வேலையை விட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 21

ஈஸ்டருக்கு மறுபடியும் வாசிக்க வேண்டுமாம். புலம்பல் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்றாம், இரண்டு மடங்காக நீட்டச் சொல்கிறார் பிரபு. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 29

நீட்டிவிட்டேன். கடைசி இரண்டு நாள் அவன் எப்படி அழுதான் என்று எனக்குத் தெரியாது. நானாகவே இட்டுக்கட்டினேன். அந்த இடம்தான் பிரமாதமாக வந்திருக்கிறது.