ஃபால்கனுக்கு வைத்த எலுமிச்சை

அண்ணா,

காலையில் நசுங்கிய எலுமிச்சையின் வாசனை கார் நிறுத்துமிடத்தில் இன்னும் நிற்கிறது. மதியம் குப்பை போடக் கீழே இறங்கியபோதும் இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கலாம், கழுவவில்லை. உங்கள் பழைய டாக்சி, அந்த ஃபால்கன் கார், இன்று போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் காலமான பிறகும் அது நம் மெரிலேண்ட்ஸ் பிளாட்டின் கீழே உங்கள் இடத்திலேயே நின்றது. சாவி பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் இருந்தது. மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லி பிளாட் நிர்வாகம் எழுதியதும், மெல்பர்னிலிருந்து உங்கள் மகள் கூப்பிட்டு, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் அன்ரி, வேறு யார் அதை வாங்கப்போகிறார்கள் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அவளிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலில் இறக்கிவிடும்போது நீங்கள் சொன்ன கதைதான். அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களுக்கென்று செய்த வண்டி. இங்கே வந்தபோது இந்த ஊர் மண்சாலைகளை அதன் முன்பக்கம் தாங்கவில்லை. இங்குள்ளவர்கள் அதைத் திருத்தித் திருத்தித் தங்கள் வண்டியாகவே ஆக்கிக்கொண்டார்கள். டாக்சி என்றாலே ஃபால்கன் என்று ஒரு காலம் இருந்தது.

"பெத்த இடத்தில பத்து வருசத்தில கைவிட்டிட்டாங்கள், தங்கச்சி. இஞ்சதான் அது ஐம்பது வருசத்துக்கு மேல ஓடினது."

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இப்படிக் குத்துமதிப்பாகச் சொன்னால் பிடிக்காது. நூலகத்தில் புத்தகம் எடுத்து, நானாகக் கற்ற ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். அதை உங்களிடம் சொன்னபோது, "அப்ப இவ்வளவு நாளும் என்னில நம்பிக்கை இல்லை" என்று சிரித்தீர்கள்.

உங்களுக்குச் சாமியிடம் நம்பிக்கை இல்லை. இருந்தும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் டாக்சியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். எப்போதும் அதன் முகம் ரோட்டைப் பார்த்திருக்கும். சவாரி வந்தால் உடனே கிளம்ப வேண்டுமே. நான் சந்தனமும் குங்குமமும் வைத்து, நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சை வைப்பேன். கண்ணாடியில் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது என்பதுதான் உங்கள் நிபந்தனை.

இந்த நாட்டிலும் கடைசி ஃபால்கன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது ஒரு ஆயுத பூஜையை ஒட்டித்தான். அன்றைக்குப் படியில் என்னை நிறுத்தினீர்கள். வழக்கமான கேலி இல்லை.

"புதுக் காருக்குப் பூசை செய்யிறியள். முடிஞ்சுபோனதுக்கு என்ன செய்யிறனீங்கள்?"

கோயிலில் குருக்களைக் கேட்டேன்; அப்படி ஒன்று கிடையாது என்றார். பூஜையன்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். வருகிற வண்டிக்குப் பழத்தை முன்னால் வைக்கிறோம் என்றால், விடைபெறுகிற வண்டிக்குப் பின்னால் வைப்பதுதானே முறை? நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"பின்னால எடுத்தா அமெரிக்காவுக்கோ போய்ச் சேரும்?"

அதற்குள் சவாரி வந்துவிட்டது. போய்வருகிறேன் என்பதை உங்கள் ஊர்ப் பேச்சில் "போட்டு வாறன்" என்று சொல்லி வண்டியை முன்னால் எடுத்துக்கொண்டு போனீர்கள். நான்கு பழங்களும் முழுசாகக் கிடந்தன. அவற்றை எடுத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். அதன்பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. டாக்சிக்கு வயதாகிவிட்டது என்று உரிமம் போனபோதும் அதை விற்காமல் வைத்துக்கொண்டீர்கள்.

கேட்டு வாங்கிய அந்த வாரத்தில் இணையத்தில் விளம்பரம் போட்டேன். பென்ரித்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் பேசினான். அவனிடம் ஏற்கெனவே ஒரு ஃபால்கன் இருக்கிறதாம். தானாக ஓடி வந்தால் எடுத்துக்கொள்வேன், இழுத்துக்கொண்டு போக என்னிடம் வசதி இல்லை என்றான். இரும்புக்காரர் இன்று மதியம் வருவதாக இருந்தது. அதனால் இவனை இன்று காலையே வரச் சொன்னேன்.

அவன் புது பேட்டரி கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தான். நான் மேலே விளக்கேற்றிவிட்டு நான்கு எலுமிச்சம்பழங்களோடு இறங்கினேன். முன்னாலா பின்னாலா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு முன்னால் வைத்தேன். இது எதற்கு என்று கேட்டான். எங்கள் ஆட்கள் புதுக் காருக்குச் செய்வது என்றேன். இது புதுசு இல்லையே என்றான். உனக்குப் புதுசுதானே என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

முதல் தடவை வெறும் முனகல். இரண்டாவது தடவை அதுவும் இல்லை. அவன் இறங்கி ஒயரை அழுத்திவிட்டு ஏறினான். நான் முருகனைக் கூப்பிட்டேன், உங்களுக்குப் பிடித்திருக்காது. அடுத்த தடவை ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. கேஸில் ஓடும் வண்டிக்கே உரிய அதே வாசனை. வண்டி மெதுவாகப் பழங்களின் மேல் ஏறி, நீங்கள் நிறுத்திய திசையிலேயே ரோட்டுக்குப் போனது.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான், அண்ணா. இரும்புக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கும் எழுதிவிட்டேன்.

நான் மதுரைக்காரி. இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் உங்கள் பேச்சில் ஒரு சொல்கூட என் வாயில் ஒட்டவில்லை என்பீர்கள். வண்டி இடதுபக்கம் திரும்ப சிக்னல் போட்டபோது, கேட்க அங்கே ஒருவரும் இல்லை. "போட்டு வாங்கோ" என்று சொன்னேன்.