கால் நனைக்காத கடல்

1974 மே 6, திங்கள்

காலையில் ஓல்டமிலிருந்து த்ரெல்ஃபால் அம்மாளின் போன். மில் லீவுக்கு வருஷா வருஷம் வந்து, எங்கள் விடுதியின் முன் அறையில் தங்குகிறவர்கள். இந்த வருஷம் இங்கிலாந்துக் கடலே வேண்டாமாம், ஸ்பெயினாம். "தப்பா நினைக்காதீங்க ஹில்டா. அங்க கடல் தண்ணி வெந்நீர் மாதிரி இருக்குமாம்."

வெந்நீர்தான் வேண்டுமென்றால் வீட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே? "சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றேன். இப்படி ஒவ்வொரு குடும்பமாகக் கழன்றுகொண்டால், ஆகஸ்டில் நானும் என் வீட்டுக்காரர் வில்ஃபும் கடற்காக்கைகளும்தான் மிச்சம். பிறகு விடுதியை விற்க வேண்டியதுதான் என்கிறார் அவர்.

மே 7

மழை.

மே 9, வியாழன்

பக்கத்து விடுதி மியூரியல் வாசற்படி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் ஈ ஓட்டுகிறார்கள், ஒப்புக்கொள்ள மாட்டாள். இத்தனை வருஷம் ஒரே சுவர், இன்னும் நான் மிஸஸ் போல்டன், அவள் மிஸஸ் க்ராஷா.

"நம்ம கடலுக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸஸ் போல்டன்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து ஒரு தடவையாவது கால் நனைச்சிருக்கீங்களா?"

நீ நனைத்தாயா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

உண்மைதான். இறங்கியதில்லை. முட்டை பொரித்து, படுக்கை விரித்து, குளியலறை மணலைக் கூட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. கடல் விருந்தாளிகளுக்கு. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா தின்கிறான்?

மே 11, சனி

எப்படி எழுதுவது! இன்னும் பல் கிடுகிடுக்கிறது.

நகராட்சி விளம்பர அதிகாரி பாப்ஜாய் சுவரொட்டிக்குப் படம் எடுக்க வந்தார். கூடவே லீட்ஸிலிருந்து ஓர் அழகி, மஞ்சள் நீச்சலுடையில். கடற்கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. அந்தப் பெண் கால் கட்டைவிரலை நனைத்தாள். வீல் என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தேவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தண்ணி பிரமாதமாத்தானே இருக்கு! இந்தக் காலத்துப் பொண்ணுங்க..." என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பாப்ஜாய் திரும்பினார். "அப்ப நீங்களே இறங்குங்களேன் மேடம்."

மியூரியல் சிரித்தாள். வேறு யார் சிரித்திருந்தாலும் வீட்டுக்கு வந்திருப்பேன்.

என்றோ ஒரு விருந்தாளி விட்டுப்போன ஊதா நீச்சலுடை அலமாரியில் கிடந்தது. அதற்குள் என்னைத் திணித்துக்கொண்டு வந்தேன். வில்ஃப் காதோரம், "ஏய், நீ விறைச்சுப் போயிட்டா நாளைக்குக் காலை சாப்பாட்டுக்கு யாரு?" என்றார். என்ன ஒரு அன்பு!

அய்யோ, அந்தக் குளிர்! மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. பிறகு கத்தினேன். என்ன கத்தினேனோ, பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஓர் அலை காலை வாரிவிட்டது. நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து மியூரியல் செருப்போடும் பாவாடையோடும் தண்ணீருக்குள் ஓடிவந்தாள்.

"ஹில்டா! அடியே ஹில்டா! கையைக் குடுடி!"

முழங்கால் ஆழம்தான். கையைக் கொடுத்தேன். அவளும் விழுந்தாள்.

பிறகு இருவருக்கும் எழுந்திருக்கவே முடியவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. குளிர் போகவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. எனக்குத்தான் அது ஒரு பொருட்டாகவே இல்லை. இது என்ன அதிசயம்?

பாப்ஜாய் படம் எடுத்துக்கொண்டே இருந்தாராம்.

மே 14, செவ்வாய்

உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கம். திறந்த இரண்டு வாய்கள், நடுவில் நாலு சொட்டுத் தண்ணீர். வில்ஃப் கண்ணாடி போட்டுப் பார்த்து, "கடல் எங்க இருக்கு இதுல?" என்கிறார்.

இனி நான் தெருவில் தலைகாட்டப் போவதில்லை.

மே 25, சனி

தலைகாட்டாமல் என்ன பயன்? சுவரொட்டியே அதுதானாம்! ரயில் நிலையங்களில் ஒட்டியாகிவிட்டது. கீழே, "எங்கள் கடல் உங்களை எழுப்பிவிடும்." மியூரியல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என் தொடை தெரியுதுடி!" என்று கத்துகிறாள். எனக்கு இன்னும் மோசமானதெல்லாம் தெரிகிறது.

ஜூலை 20, சனி

முன் அறைக்கு ஆள் வந்தாயிற்று. மியூரியல் வீட்டிலும் விளக்கெரிகிறது. பின் அறைகள் காலிதான். ஒரு சுவரொட்டி ஸ்பெயினை ஜெயித்துவிடுமா? ஆனால் விடுதியை விற்கிற பேச்சை வில்ஃப் எடுப்பதில்லை.

ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்தவர் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் எப்ப இறங்குவீங்க? பாக்கணும்னே வந்தோம்." சனிக்கிழமைதோறும் இறங்குவதாக பாப்ஜாய் எங்களைக் கேட்காமலே அறிவித்திருக்கிறார்.

"நாம என்ன சர்க்கஸ் கரடியா?" என்று மியூரியல் குதித்தாள். சாயங்காலம் பார்த்தால், ரப்பர் பூ வைத்த புதுத் தொப்பியோடு எனக்கு முன்னால் தண்ணீரில் நிற்கிறாள்.

அக்டோபர் 9, புதன்

சீசன் முடிந்தது. சாய்வு நாற்காலிகளை எல்லாம் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஒரு விருந்தாளி இல்லை. விடிந்ததும் சாரல், காற்று.

மியூரியல் கதவைத் தட்டினாள். "வர்றியாடி?"

"பாக்கத்தான் ஒருத்தரும் இல்லையே, இப்ப எதுக்கு?" என்றார் வில்ஃப், போர்வைக்குள்ளிருந்து.

அவள் மழையில் நின்றுகொண்டிருந்தாள். துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.