ஒப்பாரிக்குப் படுத்த கதை

அன்பு அப்பாவுக்கு,

பிரதீபா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். உயிரோடு என்று எழுதக் காரணம் உண்டு, பதறாமல் படியுங்கள்.

நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்யும் வேலையாக நேற்று திருப்போரூர்ப் பக்கம் போயிருந்தேன். அங்கே சாவு வீடுகளில் பாடும் எல்லம்மாள் அக்காவிடம் ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்டேன். வீட்டில் பாடினால் ஆகாது என்று ஊருக்கு வெளியே சவுக்குத்தோப்புக்கு அழைத்துப் போனார். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

"பொணமில்லாம இன்னாத்த பாடறது? நீ படு பாப்பா."

மைக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். அக்கா மாரில் அடித்துக்கொண்டு பாடத் தொடங்கியதும், பைக்கில் போன ஒருவர் இறங்கி வந்து கும்பிட்டார், படமும் எடுத்தார். பதிவு கெடுமே என்று நான் கண் திறக்கவில்லை. இப்போது அந்த ஊர் வாட்ஸ்அப்பில் என் படம், கீழே கண்ணீர் அஞ்சலி. அது உங்கள் போனுக்கும் வந்தால் அம்மாவிடம் காட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் பதிவு வீண். "பெத்தவங்கள வுட்டு வந்தியே, ஒரு வாய் சோறூட்ட ஆளில்லியே" என்று அக்கா பாடியபோது பிணம் விம்மிவிட்டது.

அம்மா அரைத்த பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். திருப்போரூர் பஸ் வந்துவிட்டது, மறுபடியும் படுக்கப் போகிறேன். "இந்த தபா பொணம் அழுவக்கூடாது" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

உங்கள் மகள்,
பிரதீபா