பதினொன்றரை மணி நேரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

உங்கள் மாப்பிள்ளையின் கடிதம் நேற்று கம்பெனி ஆள் மூலம் வந்தது. அவரை அழைத்துப்போக அன்று உங்கள் ஊர் விமான நிலைய வாசலில் கம்பளிச் சட்டையோடு நாள் முழுக்க நின்றீர்கள். அவர் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார் என்று, லாரி ஓட்ட அவரை வேலைக்கு எடுத்த கம்பெனிக்காரன் சொன்னதை நம்பினோம். அண்ணா, அவர் உங்கள் ஊருக்கு வரவே இல்லை.

அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: "காலைல எட்டு மணிக்கு ஏறினோம். இறங்கறப்போ என் கடிகாரத்துல பன்னெண்டு. ஒரே ஒரு தடவைதான் சாப்பாடு குடுத்தாங்க. பதினொன்றரை மணி நேரம்னு பயமுறுத்தினியே, உன் கணக்கு இவ்வளவுதானா?"

உங்கள் ஊர் நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பியிருப்பார் என்று நினைக்காதீர்கள். அதன் குமிழ் உடைந்து இரண்டு வருஷமாகிறது.

ஒன்பது வருஷமாக மைக் முன்னால் உட்கார்ந்து விமான நேரம் அறிவிக்கிறேன். இங்கிருந்து உங்கள் ஊருக்குப் பதினொன்றரை மணி நேரம், எதிர்க்காற்று இருந்தால் பன்னிரண்டு. நாலு மணி நேரத்தில் எந்த விமானமும் வராது. பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து கம்பெனியின் தனி விமானம் என்றார்களே, டிக்கெட்டைக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

நாலு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர்கள் மூன்று. இரண்டுக்குத் தினமும் நானே அறிவிப்பு செய்கிறேன், அங்கே போகத் தனி விமானம் தேவையில்லை. மூன்றாவது ஊரில் சண்டை நடக்கிறது. போன மாதமே அங்கே விமானங்களை நிறுத்திவிட்டார்கள். வெறும் லாரி ஓட்ட எதற்கு இவ்வளவு சம்பளம் என்பது இப்போது புரிகிறது.

அவர் கடிதத்தின் உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கைபேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதனால் ஒன்றும் தெரியாதவள் போலத்தான் அவருக்கு எழுதப்போகிறேன். அவர் உங்கள் நாட்டுக்குள் வரவில்லை என்று அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் எழுதி வாங்கி உடனே அனுப்புங்கள். வெறும் கடிகாரத்தைச் சொன்னால் இங்கே போலீஸில் சிரிக்கிறார்கள்.

உங்கள் தங்கை


என்னங்க,

நானும் சின்னவளும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வரும்வரை சிரிக்கமாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் சரிசெய்த லட்சணம் அப்படி.

விமான விஷயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். என் கணக்கு தப்புதான். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன். கூட இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பெருமையடிக்காதீர்கள், என் மானம் போகும்.

வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். உங்களுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதீர்கள். உங்களைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது.

வாரம் ஒரு கடிதம் போடுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால், நலம் என்று ஒரு வரி போதும். கோழி கிளறினாற்போல் இருந்தாலும் பரவாயில்லை, வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள் மனைவி