முப்பது வருடத்தில் முதல் அறை

என் வீட்டு எஜமானிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதமாகிறது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

அந்தக் காலத்துப் படத்தில் நான் ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்தியபோது தியேட்டரில் விசில் பறந்தது. போன படத்தில் விமானத்தையே நிறுத்தினேன், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து, நீயும் சிரித்தாய் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

நேற்று ஒரு சின்னப் படத்தில் அப்பா வேஷம். மகளாக நடிக்கும் புதுப்பெண் என்னை அறைய வேண்டும். முப்பது வருடமாகத் திரையில் நான் அடி வாங்கியதே இல்லை. அவள் கையை ஓங்குவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

"பயப்படாதம்மா, நல்லா ஓங்கி விடு" என்றேன்.

விட்டாள். சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தேன். அழுகை தானாக வந்தது. யாரை நினைத்துக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

இயக்குநர் 'கட்' சொல்லவே மறந்துவிட்டார். அப்புறம் லைட் பிடிப்பவர்கள் உட்பட எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆனது!

மேக்கப்காரர் ஓடி வந்தார். "வலிக்குதா சார்?"

"ரொம்ப வலிக்குதுய்யா" என்றேன். அதை வாய்விட்டுச் சொல்வதில் எத்தனை சுகம்!

படம் வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரி. நான் கத்த மாட்டேன்.

இப்படிக்கு,
கன்னம் வீங்கிய உன் வீட்டுக்காரன்