கிரகணத்தின் மேல் போட்ட பழி

என் கண்ணு,

உன் மகளின் உதடு பிளந்திருப்பதற்குக் கிரகணத்தன்று நீ பலாப்பழம் அரிந்ததுதான் காரணம் என்று உன் மாமியார் சொல்ல, நீயும் அதை நம்பிச் சாப்பிடாமல் கிடக்கிறாயாம். உன் கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாமல் விட்டவள் அவள். நான் மறக்கவில்லை.

நீ என் வயிற்றில் இருந்தபோது நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு மருந்தடித்தோம். "கம்பு எதுக்கு, கைய உட்டுக் கலக்கு" என்றான் மேஸ்திரி. தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுக் கலக்கினேன். அவன் சாவுக்குக்கூட நான் போகவில்லை. அந்த மருந்துத் தொட்டியை நெருங்கினாலே நீ உதைப்பதை நிறுத்திவிடுவாய். தாண்டினால்தான் அசைவாய்.

போன மாதம் நீ இங்கே இருந்தபோது உன் மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். தொட்டி காய்ந்து கிடக்கிறது. வீறிட்டு அழுதுகொண்டிருந்தவள் அங்கே வந்ததும் அடங்கி, கண் கொட்டாமல் அதையே பார்த்தாள். தாண்டியதும் என் இடுப்பில் உதைத்தாள்.

அந்த மருந்தால் வந்ததா என்று சேலத்து டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இதுதான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க பாட்டி. ஆனா சில விஷம் பேத்தி வரைக்கும் தடம் விடலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. பொம்பளைப் புள்ள அம்மா வயித்துல இருக்கும்போதே அதோட கருமுட்டையெல்லாம் உருவாயிடுதுங்க" என்றார்.

எழுந்து சாப்பிடு, சாமி. கத்தியின் மேல் குற்றமில்லை. அன்றைக்குத் தொட்டியோரம் நான் தனியாக நிற்கவில்லை. எனக்குள் நீ இருந்தாய். உனக்குள் அவளும் இருந்தாள்.

உங்கள் இருவரையும் சுமந்தவள்