மெஹரூன்னிசா போடாத கையெழுத்து

ஷார்ஜா
5.8.2025

அன்புள்ள மெஹருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் அர்ஷியாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவன் கடிதம் எழுதுகிறானே என்று பயப்படாதே. கம்பெனியில் எங்கள் போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. இனி தபால்தான்.

நம் உப்பளத்துப் பக்கம் வரப்போகும் ரசாயனக் கம்பெனி விஷயம் என்ன ஆயிற்று? ஊராட்சித் தலைவரான நீ மனது வைத்தால் நடக்கும் என்கிறார்கள். வீம்பு பிடிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் ஷஃபி

* * *

மரக்காணம்
26.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அத்தா ஏன் பேசுவதில்லை என்று அர்ஷியா கேட்கிறாள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சுதந்திர தினக் கிராம சபையில் கம்பெனிப் பேச்சு வந்தது. ஆழ்குழாய் போட்டு நம் தண்ணீரை எடுப்பார்களாம், கழிவை ஓடையில் விடுவார்களாம். ஒரே கூச்சல். முடிவை அக்டோபர் இரண்டாம் தேதி சபைக்குத் தள்ளி வைத்தேன்.

மறுநாளே கம்பெனியின் கான்ட்ராக்டர் ராஜாங்கம் ஆபீசுக்கு வந்தார். சம்மதத் தீர்மானத்தைத் தயாராக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். "சபையெல்லாம் எதுக்கும்மா? நீங்க கையெழுத்து போட்டா போதும்" என்றார்.

"சபை சொல்லாம நான் போட முடியாதுங்க."

தாளை மேசையிலேயே விட்டு எழுந்தார். "காலையில வரப்பு மேல தனியா நடந்து போறீங்களாமே? முழங்கால் வலியோட எதுக்கும்மா? தவறி விழுந்தா கேக்க ஆள் இருக்காது."

என் முழங்கால் வலி வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் மெஹர்

* * *

ஷார்ஜா
12.9.2025

மெஹர்,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டி கையெழுத்து போடற வரைக்கும் பாஸ்போர்ட் கிடையாது" என்றான். ராஜாங்கத்துக்கு இங்கேயும் ஆள் இருக்கிறது. பொய் கேஸ் போட்டு உள்ளே தள்ளுவார்கள். சபை கூடும் முன்பே கையெழுத்துப் போட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே. உனக்கு ஊர் பெரிதா, நான் பெரிதா?

ஷஃபி

* * *

மரக்காணம்
5.10.2025

மச்சான்,

போன மாதம் முப்பதாம் தேதி ராஜாங்கத்தின் தாளை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போடத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது உங்கள் ரூமிலிருந்து லீவில் வந்த அப்துல் ஜலீல் பாய் எங்களைப் பார்க்க வந்தார். உங்கள் பாஸ்போர்ட்டைச் சொல்லி அழுதேன். அவர் முழித்தார்.

"என்னம்மா சொல்ற? பாஸ்போர்ட் அவன் பெட்டியிலதான் இருக்குது. நவம்பர்ல வர்றதுக்கு டிக்கெட்டே போட்டுட்டான். ஊர்ல லாரி கான்ட்ராக்ட் கிடைக்கப்போவுதுன்னு தினமும் ராஜாங்கத்தோட போன்ல பேசிட்டிருக்கான்."

என் முழங்கால் வலியை ராஜாங்கத்துக்குச் சொன்னது யார் என்று அப்போதுதான் புரிந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

இரண்டாம் தேதி சபைக்கு முந்நூறு பேர் வந்தார்கள். ராஜாங்கத்தின் ஆட்கள் சுற்றி நின்று ஒவ்வொரு முகத்தையும் செல்போனில் படம் பிடித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கம்பெனிக்குத் தண்ணீர் தரலாமா என்று மூன்று முறை கேட்டேன். உப்பு வாரும் கொளஞ்சியம்மாள் எழுந்து அந்த போனுக்கு நேராகப் போய் நின்றாள்.

"என் மூஞ்சிய நல்லா எடுத்துக்கப்பா. எங்க தண்ணிய எடுக்க எங்களத்தான் கேக்கணும். தலைவரம்மா கேட்டாங்க. நான் வேணாங்குறேன்" என்று கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அந்த ஒரு கைதான். பிறகு எங்கும் கைகள். தண்ணீர் தர மாட்டோம் என்ற அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அவள் கூரை எரிந்தது. விசாரிக்க வந்தவர் மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார். அவள் வீட்டில் கரண்ட் போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள், உங்கள் கட்டிலில் படுக்கிறாள்.

நம் ஜமாஅத்தில் மணவிலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அர்ஷியாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன்.

தெருமுனையில் காலையிலிருந்து ராஜாங்கத்தின் வண்டி நிற்கிறது. இதைத் தபாலில் போட அந்த வழியாகத்தான் போக வேண்டும். துணைக்கு ஏழு பெண்கள் வாசலில் காத்திருக்கிறார்கள்.

பதில் எழுத வேண்டாம்.

மெஹரூன்னிசா